இடதுபக்கக் கண்ணாடி

ஜீப்பை வாங்கிய அன்று சன்னல்களைத் திறந்து பார்த்தேன், மூடிப் பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய, நாலு புத்தகம் படித்த மனிதன் செய்கிற காரியமா என்று கேட்டால், அன்று நல்ல வெயில், வாவிக் காற்று சுகமாக இருந்தது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

மழை தொடங்கியதும் விஷயம் விளங்கியது. தள்ளித் திறக்கிற பழைய கண்ணாடிகள். அவை ஓடுகிற காடியில் துணி உக்கிப்போயிருந்தது. ஜீப் ஓடும்போது யாரோ பின்னால் இருந்து பல்லைக் கடிப்பது போலச் சத்தம். தண்ணீர் தாராளமாக உள்ளே வந்தது.

என் மாமி கொக்கட்டிச்சோலையில் இளைய மகளோடு இருக்கிறார். கண் கிளினிக்குக்காக அவரைக் கல்லடிக்கு, எங்கள் வீட்டுக்கு, கூட்டிவர வேண்டும். மனைவி நிபந்தனை போட்டாள்.

"அம்மா நனையாம வந்து இறங்கினா ஜீப்ப வெச்சிருங்க. ஒரு துளி பட்டாலும் வித்துப்போடுங்க."

காத்தான்குடிக் கடையொன்றில் புதுக் கண்ணாடிகள் வெட்டுவித்து, நானே பூட்டினேன். எல்லாம் பொருந்தின, அல்லது பொருந்துவது போல நின்றன. முன் இடதுபக்கத்தது மட்டும் பூட்டும்போதே கையில் உடைந்தது. அன்று வெள்ளிக்கிழமை, ஜும்மா நாள்; கடை பூட்டு. பின்னேரம் மாமியை ஏற்ற வேண்டும்.

அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே கிடந்த கண்ணாடி நினைவுக்கு வந்தது. காலமான மாமனாரின் பெரிய படத்தைச் சென்ற வருடம் ஸ்டூடியோவில் கொடுத்து, புதுச் சட்டம் போட்டு மாமியிடம் அனுப்பியிருந்தோம். பழைய கண்ணாடி மிஞ்சியது. நல்ல கண்ணாடியை யாராவது எறிவார்களா? சோப்புப் போட்டுக் கழுவினேன். வெட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, காடிக்குள் தள்ளியதும் தானாகப் போய் இறுகிக்கொண்டது. நான் செய்த எந்த வேலையும் அப்படி முடிந்ததில்லை. அதுவே என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது மாமி முன் நீள ஆசனத்தில், என் இடப்பக்கம். மனைவி பின்னால். மண்முனைப் பாலத்தில் ஏறியதும் மழை கொட்டியது. இரண்டு பக்கமும் வாவியைக் காணவில்லை, வெறும் வெள்ளை. மூன்று பேரின் மூச்சில் கண்ணாடிகள் மங்கின.

"இஞ்ச தண்ணி ஊத்துது, தெரியுமா?" என்றாள் மனைவி. பதில் சொல்லத் திரும்பியவன் இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

அது முழுவதும் மங்கியிருந்தது, காசளவு வட்டம் ஒன்றைத் தவிர. அந்த வட்டத்துக்குக் கீழே மங்கல் கூடியும் குறைந்தும் ஒரு காது, கழுத்து, தோள். தலையைக் கொஞ்சம் சரித்து எங்களைப் பார்க்கிற ஒரு ஆள். நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் வட்டம். அதற்குள்ளால் மட்டும் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் மாமி அந்தக் கண்ணாடியில், படத்தின் நெற்றிக்கு நேரே, சந்தனமும் குங்குமமும் வைத்துவந்த இடம் அது. என் சோப்பு அதுவரை போகவில்லை.

பின்னால் மனைவியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினார். பிறகு என் பக்கமாக நகர்ந்து, கதவோரம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு இருந்தார்.

"இது எங்கத்தக் கண்ணாடி மகன்?"

"வீட்டில கிடந்தது மாமி."

"ஓம். கெதியா ஓடாதீங்க."

யாருக்காகச் சொன்னார் என்று தெரியாமலே வேகத்தைக் குறைத்தேன். பழைய கண்ணாடியில் படத்தின் சாயல் படியும், ஈரம் பட்டால் தெரியும் என்று எங்கோ படித்திருக்கிறேன். ஆரையம்பதி வரும்வரை அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன். என் பிடரி மயிர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கையை நீட்டி அந்தக் கண்ணாடியைத் துடைக்கவும் முடியவில்லை.

கல்லடியில் இறங்கும்போது மனைவி தொப்பலாக நனைந்திருந்தாள். மாமியின் சேலையில் ஒரு துளி இல்லை.

"நீங்க நனையல்லதான்," என்று மனைவி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். "ஆனா இத வீட்டில வெச்சிருக்கிறதா?"

மாமி குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கிடக்கட்டும் புள்ள. ஒங்கட அப்பா எந்த வாகனத்தில ஏறினாலும் அரைவழியில தலைய வெளிய நீட்டிச் சத்தி எடுக்கிறவர். இண்டைக்குத்தான் பேசாம வந்திருக்கார்."