டாக்டர் திறக்காத போன்

கடை வாசலில் 'போன் டாக்டர்' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து அந்தத் தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது. தனக்குத் தலைவலி வந்தால் என்ன மாத்திரை போடுவது என்றுகூட அடுத்தவரைக் கேட்கிற ஆள். இருந்தாலும் டாக்டர்தான். சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரர். தண்ணீரில் விழுந்தது, மாடியிலிருந்து விழுந்தது, வண்டிச் சக்கரத்தில் நசுங்கியது என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "சாயங்காலம் வாங்க" என்று சொல்லிவிட்டால் அது பிழைத்த மாதிரிதான்.

ஆனால் அந்தக் கைராசி விரல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இந்தத் தொழிலில் உடைந்த டிஸ்பிளேயை மாற்றிவிட்டு அப்படியே நீட்டிவிட முடியாது. தொட்டால் வேலை செய்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, கேமரா பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். லாக் நம்பரைக் கேட்டு வாங்குவதே அதற்குத்தான். கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க எதிர்ச் சுவரை ஒரு படம் எடுப்பார். எடுத்ததை அழிக்க வேண்டுமே, கேலரியைத் திறப்பார். சுவருக்குப் பக்கத்திலேயே யாரோ ஒருவருடைய வீடு இருக்கும், கல்யாணம் இருக்கும், ஆஸ்பத்திரிக் கட்டில் இருக்கும். அழிக்கப் போன விரல் அப்படியே தள்ளிக்கொண்டு போய்விடும். படங்கள் முடிந்தால் செய்திகள். செய்திகள் முடிந்தால் குரல் பதிவுகள். அவற்றை இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பார்.

நீங்கள் வேறு எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அந்த மாதிரிப் படம் ஏதாவது கண்ணில் பட்டால் வெடுக்கென்று மூடிவிடுகிற ஆள்தான். அவருக்கு வேண்டியதெல்லாம் சாதாரண விஷயங்கள். மருமகள் மாமியாருக்கு என்ன பதில் போட்டாள், கோபித்துக்கொண்டு போன மகன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டானா இல்லையா, இப்படி. திருட்டு இல்லையா என்றால் திருட்டுதான். பொருள் குறையவில்லை என்பதற்காகத் திருட்டு இல்லையென்று ஆகிவிடுமா? இது அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை, அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாமல் போகிறவர். "ஆண்டவரே, இந்தப் புத்தியை என்கிட்டேயிருந்து எடுத்துப்போடும்" என்று முழங்காலில் நின்று மன்றாடாத காலை கிடையாது. உபவாசம் இருந்து பார்த்தார். பசியும் சேர்ந்துகொண்டு கை இன்னும் பரபரத்ததுதான் மிச்சம். ஒரு வசனத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினார். கொஞ்ச நாளில் அது சுவரோடு சுவராகிவிட்டது. அதன்பிறகு கேமராவுக்காக எடுக்கிற படத்தில் வசனமும் சேர்ந்து விழுந்தது, அவ்வளவுதான்.

இப்படியே ஓட்டியிருப்பார், வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால். சபையில் பாட்டுக் குழுத் தலைவர் தன் போனைச் சரிசெய்து வாங்கிப் போயிருந்தார். அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, டாக்டர் அக்கறையாகக் கேட்டுத் தொலைத்தார்: "என்னண்ணே, பாப்பா வீட்டுக்காரரோட சமாதானமாயிட்டாளா?"

தலைவருக்கு முகம் வெளுத்துப்போனது. மகள் கணவனைப் பிரிந்து வந்திருக்கும் விஷயத்தை அவர் போதகரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கூட்டத்தில் நழுவிவிட்டார். பக்கத்தில் டாக்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"யாரோ... சபையில பேசிக்கிட்டாங்க."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் அறைக்குள் வந்தால் போனை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அக்காவிடம் பேச மொட்டை மாடிக்குப் போனாள். எப்போதும் பேச்சு அதிகமில்லாத வீடுதான். பிள்ளைகள் இல்லை, இவர் வந்தால் சாப்பாடு, தூக்கம். இப்போது இருந்த கொஞ்சப் பேச்சும் அடைத்துக்கொண்டது. இவள் நம்மை விட்டுப் போய்விடுவாள் என்று டாக்டருக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பயத்தை ஆற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கடைக்குப் போய் இன்னும் நாலு பேருடைய போனைத் துழாவினார்.

ஒருநாள் காலை சமையலறையில் மனைவியின் போன் கைதவறி விழுந்து கண்ணாடி சிதறிவிட்டது. பெருக்கி எடுத்துவிட்டு, போனை அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே பாத்துக் குடுங்க," என்றாள். கேட்காமலேயே லாக் நம்பரையும் சொன்னாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கடையில் முதல் வேலையாக அதைத்தான் எடுத்தார். சூடுகாட்டிப் பசையை இளக்கி, உடைந்ததைக் கிளப்பி, புதியதைப் பொருத்தினார். போனை எழுப்பியதும் திரையின் மேல்பக்கம் ஒரு வரி வந்து விழுந்தது. மனைவியின் அக்கா அனுப்பியது.

'நீ இங்க வந்துடப் போறது அவருக்குத் தெரியுமா?'

படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை, கண்ணில் பட்டுவிட்டது. பட்ட கணமே மறைந்தும்விட்டது.

டாக்டர் போனை மேசை டிராயருக்குள் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். வேறொருவருடைய போனைப் பிரிக்கப்போய், கடுகு சைஸ் ஸ்க்ரூ ஒன்றைத் தரையில் தொலைத்து, குனிந்து தேடி, எதற்காகக் குனிந்தோம் என்பதையே மறந்து எழுந்தார். வெளியே போனார், உள்ளே வந்தார். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கே தாங்கவில்லை.

"என்ன டாக்டரே, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறீங்க?"

"உள்ள காத்தே இல்லண்ணே."

"ஃபேனைப் போட வேண்டியதுதானே?"

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நியாயங்களுக்கா பஞ்சம்? கட்டின பெண்டாட்டி. லாக்கை அவளேதான் சொன்னாள். டெஸ்ட் பண்ணாமல் கொடுக்க முடியுமா? என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும்? போனை எடுத்துத் திரையை மேலிருந்து இழுத்தார்; கட்டைவிரல் அந்தச் செய்தியின் மேல் வந்து நின்றே விட்டது. அப்போது அவருக்கு அழுகை வந்தது. இத்தனை வயதில், பட்டப்பகலில், கடையில் உட்கார்ந்துகொண்டு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

வழக்கமான ஜெபம் வாயில் வரவில்லை. "எனக்குப் பாக்கணும் ஆண்டவரே," என்றார். "ரொம்பப் பாக்கணும்."

இப்படி அவர் ஜெபித்ததே இல்லை. எடுத்துப்போடும் என்று கேட்டிருக்கிறாரே தவிர, எதற்காக அது வேண்டியிருக்கிறது என்று சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்ததும் தானாகக் கொட்டியது. "அந்த வீடுகள்ல எல்லாரும் பேசிக்கிறாங்க. சண்டை போடுறாங்க, சேந்துக்கிறாங்க. எனக்கு யாருகிட்டயும் பேச வரல. எனக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது." பாட்டுக் குழுத் தலைவரைச் சொன்னார். மனைவியிடம் சொன்ன பொய்யைச் சொன்னார். இயர்போனில் கேட்ட குரல்கள் ஒவ்வொன்றையும் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது: கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் புதிய செய்தியே இல்லை. விரல் வழுக்கிய ஒவ்வொரு தடவையும் ஆண்டவர் இதே கடையில்தான் இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னை முழுசாகத் தெரிந்த ஒருவர் தன்னை விடாமல் வைத்திருக்கிறார் என்கிற சந்தோஷம் நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அதோடு அரிப்பு ஒழிந்தது என்று நான் புளுகமாட்டேன். போனைத் திரும்பக் கையில் எடுத்ததும் அதுவும் எழுந்து வந்தது. ஆனால் பழைய பிடி அதற்கு இல்லை. இப்போது அவருக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது. அவள் மனதில் இருப்பதை அவள் வாயால் கேட்க வேண்டும். அதற்காகக் காத்திருக்கவும் தெம்பு வந்திருந்தது. ஸ்பீக்கரைப் பார்த்தார். கேமராவில் சுவரை ஒரு படம் எடுத்தார். கேலரியைத் திறக்காமலேயே போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் போனை நீட்டினார்.

"கேமராவுக்காகக் கடைச் சுவரை ஒரு படம் எடுத்தேன். அழிக்கல, உள்ளயே இருக்கு. நீயே அழிச்சுடு."

அவள் கை நீட்டவில்லை. "எல்லாத்தையும் பாத்தாச்சு, இல்ல?"

"அக்கா அனுப்புன ஒரு வரி மேல வந்து விழுந்துச்சு. அது கண்ணுல பட்டுடுச்சு. திறக்கல."

வாங்கிப் பார்த்தாள். அக்காவின் செய்தி படிக்கப்படாமல்தான் கிடந்தது.

"பாத்துடுவீங்கன்னுதான் குடுத்தேன்," என்றாள். "ஊர்ல வேற கடையா இல்ல? மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா, நான் சொல்லாமலே கிளம்பிடலாம்னு இருந்தேன்."

டாக்டர் துணிகளை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லும்மா. நான் கேக்குறேன்."

அவள் சொன்னாள். கண்டவர் வீட்டுக் கதையெல்லாம் தெரிந்த மனுஷனோடு ஒரே வீட்டில் இருக்கக் கூச்சமாக இருக்கிறது என்றாள். அதைவிட அந்தப் பொய்தான் தாங்கவில்லை என்றாள். அவ்வளவு பேரைத் தேடித்தேடிப் பார்த்தவர், எதிரில் இருக்கிற என்னிடம் ஒரு நாளாவது என்னவென்று கேட்டீர்களா என்றபோது குரல் உடைந்துவிட்டது.

முடித்ததும் அவர் சொன்னார். "தலைவர் மக விஷயத்தை யாரும் சொல்லல. அவர் போன்ல நான்தான் பாத்தேன். அவரோடது மட்டும் இல்ல."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா நான் சொல்லணும். நாளைக்கு அவர்கிட்டயும் போய்ச் சொல்லப்போறேன்."

"அப்புறம் ஒருத்தரும் கடைக்கு வரமாட்டாங்க."

"வராம போகட்டும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து அக்காவுக்குப் பதில் அடிக்க ஆரம்பித்தாள். தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். கண்ணைக் கொஞ்சம் திருப்பினால் போதும், எல்லா எழுத்தும் தெரியும். டாக்டர் ஒரு துண்டை எடுத்து மடித்தார். கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தார்.

"'இந்த வாரம் வரல'ன்னு போட்டிருக்கேன்," என்றாள் அவள். "இந்த வாரம்னுதான் போட்டிருக்கேன். அதுக்கு மேல இப்ப என்னால சொல்ல முடியாது."

"போதும்," என்றார் டாக்டர்.