வாளியோடு வரவும்

லிம் ஃபியோர்டு என்னும் கடற்கழிக் கரையில் ஒரு சிறிய இறங்குதுறை. காற்று காதை அறுக்கிறது. ‘மட்டி நாள், வாளியோடு வரவும்’ என்று விபோர்க் நகர நூலகத்தில் ஒட்டியிருந்ததாம். அதை நம்பி, நான் தங்கியிருக்கும் வீட்டு அக்கா கறிக்கு உள்ளியும் மிளகும் இடித்து வைத்துவிட்டு என்னை அனுப்பியிருக்கிறாள். இங்கேயோ மட்டியைக் கடலில் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ரப்பர் உடுப்போடு நிற்பவர்களில் ஒருவர் மன்னார்க்காரர். கிழமை நாட்களில் மட்டி அவிக்கும் தொழிற்சாலையில் வேலையாம்.

“சாப்பிட இல்லையோ அண்ணை?”

“இல்லைத் தம்பி. அடியில வெறும் சேறு. இதுகள் ஒண்டோடொண்டு ஒட்டிப் பிடிச்சு நிண்டால்தான் மீன்குஞ்சு வந்து ஒதுங்கும்.”

“போன வருசமும் போட்டனீங்களோ?”

“ஓம். கோடையில தண்ணியில ஒட்சிசன் இல்லாமல் எல்லாம் செத்துப்போச்சு.”

சொல்லிக்கொண்டே என் வாளியை வாங்கி, மட்டியால் நிரப்பித் தருகிறார். ஒரு கணம் எனக்கு உள்ளி மணக்கிறது.

“மெதுவாக் கொட்டும். ஓடு உடைஞ்சால் நண்டு விடாது.”

கொட்டுகிறேன். வாளியின் அடியில் நாலைந்து தங்கிவிடுகின்றன. அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. எப்படியும் கறிக்குக் காணாது. குனிந்து அவற்றையும் மெதுவாகப் போடுகிறேன்.