தூங்குமூஞ்சி மரத்துப் பிசின்

உலகத்தில் எங்கள் அப்பா முழுதாக நம்பியது ஒரு டெஸ்டரை மட்டும்தான். கடலூரில் வீடு வீடாகப் போய் மீட்டரைச் சோதித்து மின்திருட்டைப் பிடிப்பது அவர் வேலை. பல வருடம் அதையே செய்ததில், மனிதர்கள் எல்லோரும் எங்கேயோ ஒரு கொக்கியை மாட்டி வைத்துக்கொண்டுதான் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தார். பால்காரரின் பால், என் பரீட்சைப் பேப்பர், அம்மாவின் தலைவலி எதுவுமே விசாரணை இல்லாமல் எங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். கருநீல நிறம். வாங்கும் முன்பு அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, விற்றவரையே அழ வைத்துவிட்டுத்தான் வாங்கினார். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கேட்டுக்குள் அது வந்து நின்ற பிறகு பக்கத்து வீட்டுப் பையன்களின் பந்து, எதிர்வீட்டுப் பூனை, வானத்தில் போகும் காக்கை எல்லாமே அவருடைய சந்தேகப் பட்டியலில் சேர்ந்துகொண்டன.

அந்தக் காரைத்தான் மாமா ஒருநாள் இரவல் கேட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் செல்போன் கடையில் வேலை. காட்டுமன்னார்கோயிலில் இருந்த எங்கள் தாத்தா, சொந்தத்திலேயே ஒரு பெண்ணை அவருக்குப் பேசி முடித்து வைத்திருந்தார். கல்யாணத் தேதி மட்டும் குறிக்க வேண்டியிருந்தது. தேதி என்று யாராவது ஆரம்பித்தால் மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்.

“ஃபிரண்டோட அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் மாமா. ஆஸ்பத்திரில இருந்து வூட்டுக்குக் கூட்டினு வரணும். பஸ்ல ஏத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

“எந்த ஆஸ்பத்திரி?”

மாமா சட்டென்று ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்தது அது.

“எந்தக் கண்ணு?”

“வலது கண்ணு மாமா.”

இவ்வளவு துல்லியமான பதில் வந்ததே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்த பார்வையில் சாவியைக் கொடுத்துவிட்டார். கொடுக்கும் முன்பு காரை ஒருமுறை சுற்றி வந்து, இருக்கிற கீறல்களையெல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் கார் திரும்பி வந்தது. மாமா சாவியைத் தின்பண்டப் பொட்டலத்தோடு என் கையில் கொடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் பஸ் பிடிக்க ஓடினார். அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் காரைச் சுற்றினார். பானெட்டின் மேல் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னாடி இது?” என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

பானெட்டிலும் கண்ணாடிக்கு மேலே கூரை விளிம்பிலும் அங்கங்கே சாம்பல் நிறத்தில் கறைகள். தூசி படிந்தது போல இருந்தது, துடைத்தால் போகவில்லை. அப்பா விரலால் தேய்த்தார். முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். எனக்கு அவருடைய விரலில் இருந்த பீடா வாசனைதான் வந்தது.

“தாரா இருக்குமோ? ரோடு போடுறான் ஆலப்பாக்கத்துல.” மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். தாராக இருந்தால் கறுப்பாகக் கரைந்து வரும். வரவில்லை, கறை கொஞ்சம் இளகினாற்போல இருந்து, துணியோடு இழுபட்டுப் பரவியது. காக்கை எச்சமா என்று ஈரப் பேப்பரைப் போட்டு ஊறவைத்தார். அதற்கும் அசையவில்லை. சிமெண்டா என்று நகத்தால் சுரண்டப் போனவரை அம்மா தடுத்தாள்.

“பெயிண்டு போயிடப் போவுதுங்க.”

“போவட்டும். உந்தம்பி எதையோ மறைக்கிறான். கட்சிக்காரனுக்கு வாடகைக்கு உட்டு, ஸ்டிக்கரு ஒட்டி ஓட்டியிருப்பான். இல்லன்னா எவனையாவது இடிச்சிட்டு, மேல பூசி எடுத்தாந்திருக்கான். நாளைக்கு வந்து வெளிச்சத்துல பாக்குறேன். யாரும் அதுல கை வெக்கக் கூடாது.”

இடித்துவிட்டு என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். அவர் யாரையோ இடித்துவிட்டு, போலீஸுக்குப் பயந்துதான் காப்பிகூடக் குடிக்காமல் ஓடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு எல்லாமே அதற்குப் பொருத்தமாக இருந்தது. அவர் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. என் கண்ணைப் பார்க்கவில்லை. கொடுத்த பொட்டலத்தில் வழக்கமான மிக்ஸர் இல்லை, லட்டு இருந்தது. குற்றம் செய்தவர்தான் லட்டு வாங்குவார் என்று அப்பாவின் மகளாகிய நான் யோசித்தேன்.

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூட லீவு. அப்பா வேலைக்குப் போனதும் நான் தனியாகக் காரைச் சோதித்தேன். வைப்பருக்குக் கீழே, கண்ணாடியும் பானெட்டும் சேரும் இடுக்கில், கருஞ்சிவப்பாகச் சுருண்டு ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. ரத்தம் தோய்ந்த தோல் என்றே முடிவு செய்து, தொடாமல் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் பழைய பனியன் துணியுமாக வந்தாள். அப்பா வருவதற்குள் கறையை எடுத்துவிட்டால் தம்பிக்குத் திட்டு குறையும் என்பது அவள் கணக்கு. நான் காட்டியதை இரண்டு விரலால் எடுத்தாள். முகர்ந்தாள். உள்ளங்கையில் வைத்து விரித்தாள்.

பிறகு பானெட்டின் ஒரு கறையில் எண்ணெயைத் தடவி, ஊறட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த கறைக்குப் போனாள். அதற்கடுத்தது. நாலைந்து கறை தாண்டியதும் அவள் கை நின்றது. பின்னால் நகர்ந்து கேட்டருகே போய் நின்று காரை முழுதாகப் பார்த்தாள். கண்ணாடியின் இரண்டு மூலைகளிலிருந்தும் கறைகள் சரிவாக இறங்கி, காரின் மூக்கில் வந்து சேர்ந்தன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கறையும் விரல் அகலத்துக்கு நேர் விளிம்போடு இருந்தது, கத்தரித்து ஒட்டிய மாதிரி.

எந்தக் கல்யாண மண்டபத்து வாசலிலும் அப்படி ஒரு கார் நிற்கும். சரம் சரமாகப் பூவைச் சரித்துக் கட்டி, நழுவாமல் இருக்கச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். டேப்பை உரித்தாலும் பசை போகாது. வெயிலில் இறுகி, தூசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். இதெல்லாமும், வைப்பருக்குக் கீழே சுருண்டிருந்தது காய்ந்த ரோஜா இதழ் என்பதும் எனக்கு எவ்வளவோ பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

“அம்மா, மாமா யாரையாவது இடிச்சிட்டாரா?”

“வாய மூடுடி” என்றாள். உள்ளே போய் மாமாவுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டாள். அப்புறம் வெளியே வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறி பிடித்தவள் போலத் துடைக்க ஆரம்பித்தாள். எண்ணெயில் ஊறிய பசை உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். மதியத்துக்குள் பானெட்டில் அவள் முகம் தெரிந்தது. அழுதிருந்தாளா, வியர்வையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தடயத்தையே அழிச்சிட்டியேடி!”

“பிசின்தாங்க. எண்ணெ வெச்சதும் வந்துடுச்சி. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல மரம் இருக்குதாம், அதுங்கீழ நிறுத்தியிருக்கான்.”

“யார் சொன்னா?”

“அவந்தான். போன்ல.”

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“என்னா மரம்?” என்றார் அப்பா.

அம்மா ஒரு நொடி தாமதித்தாள். “தூங்குமூஞ்சி மரம்.”

அந்த ஒரு நொடியை அப்பா கவனித்துவிட்டார். இரவு சாப்பிடும்போது, “ஞாயித்துக்கிழமை சிதம்பரம் போறோம். சாமி பாத்து ரொம்ப நாளாச்சி” என்றார். சாமி பார்க்க அவர் எப்போதுமே ஆசைப்பட்டதில்லை.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர். வழியெல்லாம் அம்மா முன்சீட்டில் முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள். அப்பா விசில் அடித்தபடி ஓட்டினார். பொய் சொன்ன வீட்டுக்குள் மீட்டர் பார்க்கப் போகும்போதும் அவர் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். கோயில் பக்கமே திரும்பாமல் நேராக அந்த ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

வாசலில் மரம் இல்லை. ஒரு இளநீர் வண்டிதான் நின்றது.

“மரம் எங்க?” என்றார் அப்பா, மிகவும் மென்மையாக.

அம்மா இளநீர் வண்டியையே பார்த்தாள். அப்பா மெதுவாகக் காரை நகர்த்தினார். ஆஸ்பத்திரிச் சுவர் முடிகிற இடத்தில், ஆட்டோ ஸ்டாண்டுக்கு மேலே, பந்தல் போட்டது போல ஒரு பெரிய மரம். அதைப் பார்த்து எங்கள் எல்லோரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டது அம்மாதான்.

“இது என்னா மரம்பா?” என்று அப்பா ஆட்டோக்காரரிடம் கேட்டார்.

“தூங்குமூஞ்சி சார். கீழ வண்டிய உடாதீங்க, பிசுபிசுன்னு கொட்டும்.”

வேறு யாராக இருந்தாலும் அதோடு கிளம்பியிருப்பார்கள். அப்பா மரத்தடியிலேயே காரை நிறுத்தி, இறங்கி, பானெட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கொட்டுகிறதா என்று பார்க்க நின்றார். நாங்களும் நின்றோம். வெயில் ஏறியது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நர்ஸ் உடுப்பில் ஒரு அக்கா வெளியே வந்தாள். எதிர்ச்சாரியில் சைக்கிளோடு காத்திருந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ரோட்டைக் கடந்தாள். காத்திருந்தவர் மாமா.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. மாமாவும் எங்களைப் பார்த்துவிட்டார். சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி சிலைபோல நின்றார். அந்த அக்கா அவர் பார்வை போன திசையில் திரும்பி, அம்மாவைப் பார்த்து, கழுத்தில் புதிதாகக் கிடந்த சங்கிலியைக் கையால் மூடிக்கொண்டாள்.

அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பப் போனார்.

“என்னாங்க, இங்க பாருங்க!” அம்மா குரலை உயர்த்தி, பானெட்டைக் காட்டினாள். “விழுந்திருக்கு பாருங்க. இங்க ஒண்ணு. அதோ, அங்க ஒண்ணு!”

உண்மையிலேயே விழுந்திருந்தது. பொடிப் பொடியாக, பளபளவென்று. அப்பா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். அம்மா அவருக்கும் ரோட்டுக்கும் நடுவே, சேலையை விரித்துக்கொண்டு நின்றாள். தோளுக்கு மேலாகத் திரும்பி, அந்த அக்காவைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். போ என்கிற மாதிரி இருந்தது. வா என்கிற மாதிரியும் இருந்தது. அவர்கள் நடந்து, மூலை திரும்பி மறைந்தார்கள்.

“பிசினேதான்” என்று அப்பா விரலை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார். அவர் வாழ்க்கையில் ஒரு சந்தேகத்தை முழுதாக வாபஸ் வாங்கியது அந்த ஒருமுறைதான்.

அந்த நர்ஸ் அக்காதான் என் அத்தை; மேல்பட்டாம்பாக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மறு வருடம் குழந்தை பிறந்த பிறகுதான் கல்யாண விஷயம் காட்டுமன்னார்கோயிலுக்குப் போனது. தாத்தா வெகுநாள் மாமாவோடு பேசவில்லை. பேத்தி நடக்க ஆரம்பித்த பிறகு பேசினார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அப்போ அந்தப் பிசின்?” அதற்கு இன்றுவரை யாரும் அவருக்குச் சரியாகப் பதில் சொன்னதில்லை.

ஆனால் அன்று திரும்பி வரும்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. பார்க்காமல் பார்க்காமல் மாமாவைப் பார்த்திருக்கிறோம். ஒரு வார்த்தை பேசவில்லை, என்னையும் பேச விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களைக்குள் போய்க் கேட்டேன். “ஒனக்கு மாமாவப் புடிக்காதுதான?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “ஆமா” என்றாள். என்னை இழுத்து இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். நான் அவள் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு வெளியே ஓடினேன்.