இறங்கிய பெடல்

நாகர்கோவிலில் அந்த ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள் எனக்குத் தந்த வேலை, கழற்றிய வண்டிச் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவது. நான் நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன். வெளியாட்கள் வந்தால் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். என் வீட்டுக்காரர் அதே முதலாளியின் டாக்சிக்கு டிரைவர். அதனால்தான் எனக்கும் வேலை கிடைத்தது.

டாக்சி பழைய இங்கிலீஷ் கார். கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக். இறக்கத்தில் சொன்னபடி நிற்காது. எண்ணெய் பிரேக் போட்டுத் தரச்சொல்லி இவர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவழியாக முதலாளி, சண்டைக்கு ஓடிய மிலிட்டரி லாரியிலிருந்து, பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை வாங்கி வந்தார். சக்கரத்துச் சிலிண்டர்களும் பைப்பும் வேறொரு காரில் கழற்றியவை.

மாட்டும்போதுதான் தெரிந்தது. பைப் நட்டும் மாஸ்டர் சிலிண்டரின் வாயும் பார்வைக்கு ஒரே அளவு, திருகிச் சேர்க்கும் மரை வேறு. நட்டு இரண்டு சுற்று கையால் ஏறும், பிறகு இறுகிவிடும். பைப்பின் முனையும் உள்ளே சரியாக உட்காரவில்லை. இந்த மரை ஒரு பக்கம், அந்த மரை மறுபக்கம் வைத்து ஓர் இடைத்துண்டு கடைந்து போட வேண்டும். அப்போது நாங்கள் திருவிதாங்கூரோடு இருந்தோம். நல்ல லேத் என்றால் திருவனந்தபுரம் போக வேண்டும்.

"நாளைக்குப் பூதப்பாண்டியில கல்யாணம். மாப்பிள்ளைக்கு நம்ம காருதான். வாக்கு குடுத்தாச்சு மேஸ்திரி" என்றார் முதலாளி.

மேஸ்திரி வயல் பம்புகளில் வேலை பழகியவர். பம்புக் குழாய்க்குச் செய்வதுபோல மரையில் சணல் சுற்றி, கசிவை அடைக்கும் சபேதாப் பசை தடவி, ஸ்பேனர் போட்டு முறுக்கினார்.

"தண்ணியே நிக்கு, எண்ணெய் நிக்காதா?"

பைப்பில் சிக்கிய காற்றை எடுக்க, பெடல் மிதிக்கச் சொல்லி என்னை சீட்டில் ஏற்றினார்கள். மேஸ்திரி காரின் அடியில் படுத்து "மிதி, பிடி, விடு" என்பார். காற்றெல்லாம் போனபின் பெடல் கல்போல நின்றது. ஆனால் அழுத்திப் பிடித்தபடியே இருந்தால், மெல்ல மெல்லக் கீழே போயிற்று.

"மேஸ்திரி, எறங்குகு."

"ஒனக்குக் கால் வழுக்குகு பிள்ளே. மண்ணெண்ணெய்க் காலுல்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். காலைத் துடைத்துவிட்டு மறுபடி மிதித்தேன்.

"இல்ல மேஸ்திரி, எறங்கத்தான் செய்யி."

அவர் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். சொட்டு எதுவும் விழவில்லை. கசிந்ததைச் சணல் குடித்துக்கொண்டிருந்தது. "புதுசுல்லா, ரெண்டு ஓட்டம் ஓடினா சரியாயிரும்" என்றார்.

வீட்டில் இவரிடமும் சொன்னேன்.

"நானே கேட்டு வாங்கின பிரேக்காக்கும். இனி வேண்டாம்னு எந்த வாயால சொல்ல? மெதுவா போறேன் ஏட்டி."

மாப்பிள்ளையை ஏற்றப் போகும் வழியில், கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. மிதித்ததும் பிரேக் பிடித்ததாம். பிடித்திருக்கும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டதாம். கார் கால்வாயில் விழுந்தது. இவருடைய வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதார். அழுது என்ன? அந்தக் காருக்குத் திருவனந்தபுரத்திலிருந்து இடைத்துண்டு வந்தது, வேறு டிரைவரும் வந்தார். வீட்டில் சம்பாதிக்க நான் ஒருத்திதான். அதை மாட்டிய அன்றும் காற்று எடுக்க நான்தான் ஏறினேன். பெடல் அசையவேயில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் தெரியும். மரை சேராததை முறுக்கிச் சேர்க்காதீர்கள். சொட்டு விழவில்லை என்று நம்பாதீர்கள். பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். இறங்கினால், யார் சிரித்தாலும் வண்டியை வெளியே விடாதீர்கள்.

இவர் இருந்தவரை, நான் வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் கிடந்தபடி கேட்பார்.

"இன்னைக்குப் பெடல் நின்னுதா ஏட்டி?"

"நின்னுது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.