எண்ணெய் கேனில் மாமாவின் படம்

கூனிமேட்டில் எங்கள் அத்தை வைத்திருக்கும் பஜ்ஜிக் கடையின் ஓரத்தில் பச்சை நிறக் கேன் ஒன்று நிற்கிறது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை அதில்தான் ஊற்றுவார்கள். கேன்மேல் ஒட்டிய படத்தில், கபடி ஜெர்சி போட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்பவர் என் தாய்மாமா; அத்தையின் கணவர். கேனின் வாயிலிருந்து வழியும் எண்ணெய் அவர் நெற்றியில் இறங்கி, ஒரு கண்ணைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டது.

மாமா உப்பளத்தில் வளர்ந்தவர். உப்பு சீசனுக்கு முன்னால் பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பெரிய லீக் அணி ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. ஊரே பேனர் கட்டியது. இரண்டாவது சீசனில் முட்டி போயிற்று. "ரெஸ்ட் எடுங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அணி, கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளில் பழைய எண்ணெயைச் சேகரித்து, பயோடீசலாக மாற்றி, தன் பஸ்ஸை ஓட்டும் திட்டத்தைத் தொடங்கியது. கேனில் ஒட்ட உள்ளூர் முகம் தேவைப்பட்டது. அணியில் தனக்கு இன்னும் இடம் வைத்திருக்கிறார்கள் என்றே மாமா அதைப் புரிந்துகொண்டார். "டேய், ஆள வேணாம்னு நெனச்சா மூஞ்சிய ஒட்டுவானா?" என்பார். காலையில் கடற்கரை மணலில் முட்டிக்குப் பயிற்சி. பிறகு அனுமந்தை வரைக்கும் நொண்டியபடியே கடைகடையாக ஏறி எண்ணெய் கேட்பார். "ஏம்பா, நீ கபடி ஆடுறவனா, எண்ணெய்க்காரனா?" என்று ஒரு போண்டாக்கடைக்காரர் கிண்டல் செய்தபோது, "ரெண்டுந்தாண்ணே. எங்க டீம் பஸ்சு ஓடணும்ல" என்றார். எங்க டீம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

சென்னை ஆட்டத்துக்கு அணி அவரை அழைத்தது. வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவன் நான். இங்கிலீஷுக்குத் துணையாக என்னைக் கூட்டிப்போனார். ஒரு கையில் எண்ணெய் கேன். தோள்பையில் ஜெர்சியும் ஷூவும். ஆட எப்போது வரலாம் என்று மேனேஜரிடம் அன்றைக்கே கேட்டுவிடுவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இடைவேளையில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு கண்ணாடித் தொட்டியில் எண்ணெயை ஊற்றினார். மைக்கில் ஒருவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கூட்டம் கை தட்டியது. மாமா கையைத் தூக்கிக் காட்டினார்.

இறங்கி வந்ததும் கேட்டார்: "என்னமோ நீட்டிச் சொன்னாரே, என்னடா அது?"

"நம்ம அணியோட முன்னாள் வீரர்னு சொன்னாரு மாமா."

"முன்னாள்னா? போன சீசன் ஆடுனவன்னா?"

"இல்ல மாமா."

மேனேஜர் வந்து தோளில் கை போட்டு, "நீங்க எப்பவும் நம்ம ஃபேமிலிதான் சார்" என்றார். மாமா தலையாட்டினார், கேட்க வந்ததைக் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும், புதுச்சேரிக்குப் போகும் அணியின் பஸ்ஸில் கூனிமேடு வரை வரலாமா என்று நான் கேட்டேன். "ப்ளேயர்ஸுக்கு மட்டும்தான்" என்றார் கதவருகில் நின்றவர். காலிக் கேனோடு அரசுப் பேருந்தில் ஏறினோம். "என்னாங்க, ஒரே எண்ணெ நாத்தம். பின்னாடி போய் நில்லுங்க" என்றார் கண்டக்டர். அந்த முட்டியோடு வழிநெடுக நின்றுகொண்டே வந்தார் மாமா.

வீணாகும் எண்ணெயில் வண்டி ஓடுவது நல்ல காரியம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கருகிய எண்ணெயைக்கூட வீணாக்காமல் வாங்கிப்போக ஆள் அனுப்புகிறார்கள். பாத்தி மிதிக்கவும் ஆகாமல் போன அந்தக் காலைப் பற்றி விசாரிக்க இதுவரை ஒருவரும் வரவில்லை.

மாமா இப்போது கடையில் உட்கார்ந்து வாழைக்காய் சீவுகிறார். கேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். எண்ணெய் எடுக்க வரும் பையன் அதை ரோட்டுப் பக்கம் திருப்புவான். "படம் தெரியணும்ணே. போட்டோ எடுத்து அனுப்பணும்" என்பான். போன வாரம் நான் இருந்தபோது அணியின் பஸ் கடையைத் தாண்டிப் போனது. அதன் புகையில் பஜ்ஜி வாசனை அடித்தது. வண்டி மறைந்ததும் மாமா கத்தியைக் கீழே வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கேனை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பினார்.