ஜெனரல் ஷிப்ட்

இரண்டு பெரிய தனியார் பல்கலைக்கழகங்களிலும் எனக்கு இடம் கிடைத்தது. ஒன்று பெங்களூரில். எல்லையோரம் இருக்கும் ஜூஜுவாடியில் எங்கள் தெரு முனைக்கே அதன் பஸ் வரும். இன்னொன்று சென்னையில். அங்கே விடுதியில்தான் தங்க வேண்டும்.

எதை எடுப்பது என்று அப்பாவைக் கேட்டேன். "ரெண்டும் நல்ல காலேஜ்தான். உனக்குப் புடிச்சதை எடு கண்ணு" என்று சொல்லிவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பாவுக்கு மதியம் தொடங்கி இரவில் முடியும் செகண்ட் ஷிப்ட் என்றால், பள்ளி விட்டு வந்து நான்தான் பூட்டைத் திறப்பேன். அந்த வாரங்களில் அவர் சமைத்து வைத்த சாப்பாட்டைப் பார்ப்பேன், அவரைப் பார்க்க மாட்டேன்.

பெங்களூர் என்றால் இன்னும் நான்கு வருடம் அதே பூட்டு. விடுதியில் பேச ஒருத்தியாவது இருப்பாள். சென்னையில் சேருவதை உறுதி செய்துவிட்டேன்.

அன்று மாலை, செகண்ட் ஷிப்டில் இருக்க வேண்டிய அப்பா வீட்டுக்கு வந்து நின்றார்.

"சூப்பர்வைசர்கிட்ட கேட்டு ஜெனரல் ஷிப்ட் வாங்கிட்டேன். காலையில போனா சாயங்காலமே வந்துடலாம். இனிமே நீ பெங்களூர்ல இருந்து வர்றப்ப வூடு பூட்டிக் கெடக்காது."

"சென்னையில சேந்துட்டேன்ப்பா."

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். அதற்கு வெகுநேரம் ஆனது. "அதுவும் நல்ல காலேஜ்தான்" என்று டீ போடப் போனார்.

ஏன் சென்னை என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் விடுதி அறையில் மூன்று பேர், பேச்சுக்குக் குறைவில்லை. மாலை ஆறு மணியானால் மட்டும் எதுவும் என் காதில் விழுவதில்லை. அந்நேரம் ஜூஜுவாடியில் அப்பா பூட்டைத் திறந்துகொண்டிருப்பார்.