கைப்பந்து ஆடிய ரவிக்கை

போன மாதம் அண்ணன் பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். தையல்காரப் பெண் அளவு நாடாவோடு வந்து, "கைய தூக்கும்மா" என்றாள். கூட வந்திருந்த பேத்திப் பிள்ளை என்னிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தது. கதையை நிறுத்தாமலே இரண்டு கையையும் கூரையைத் தொடுவதுபோலத் தூக்கிக்கொண்டது. கடையில் புது உள்துணியின் கஞ்சி வாசனை. நான் கதையைக் கேட்கவில்லை என்று பிறகு என் மேல் கோபம் வேறு.

எப்படிக் கேட்பேன்? அந்தக் கஞ்சி வாசனை என்னுடைய முதல் சம்பளத்தின் வாசனை. எனக்கு இருபத்தொரு வயது, நகரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் புது டீச்சர். முதல் சம்பளத்தில் மூன்று ரவிக்கை தைத்துக்கொண்டேன். அந்தக் காலத்து ரவிக்கை உடம்பைப் பிடித்த பிடி இருக்கிறதே, கை தோளுக்கு மேலே ஒரு சாண் போனாலே அக்குளில் தையல் முனகும். கரும்பலகையின் மேல் பாதியில் நான் எழுதியதே கிடையாது. குட்டைப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்றுதான் கீழே எழுதுகிறேன் என்று ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தேன். எல்லோரும் நம்பினார்கள், கொஞ்ச நாளில் நானே நம்பிவிட்டேன்.

தையல் கிழியும் என்பது மட்டும் அல்ல காரணம். "பொம்பளப் புள்ள நாலு பேரு பாக்க கைய ஒசத்தாதே" என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். வேர்வைக் கறை தெரியுமாம். தலை பின்னும்போதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் பின்னுவோம்.

சுதந்திரம் வருகிறது என்று ஊரே ஒரு மாதிரி துள்ளிக்கொண்டிருந்த வருடம் அது. கொண்டாட்டத்தின் பகுதியாக ஆசிரியைகளுக்குக் கைப்பந்து வைத்தார்கள். நகரப் பள்ளிகள் ஒரு குழு, தெங்கேரா பக்கத்துப் பள்ளிகள் இன்னொரு குழு. ஆட விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் தலைமையாசிரியர் அதை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்க தேத்தண்ணி மேசைய பாத்துக்குங்க. வழக்கமா நம்ம பள்ளிக்கூடத்துக்கு அதான் கொடுப்பாங்க" என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு என்னவோ சுருக்கென்று தைத்தது. புது நாடு பிறக்கிற வருடத்திலும் மற்றவர்கள் ஆட, நான் சீனி போதுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பதா? பெயரைக் கொடுத்துவிட்டேன். பந்தைத் தொட்டதே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இந்த இடத்தில் பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, செட்டிகள் குடியிருப்பில் இருந்தாள். ஓர் ஆங்கிலப் பள்ளியில் கீழ் வகுப்பு டீச்சர், என் வயதுதான். பெயர் பாக்கியம், நெற்றியில் திருநீறு, வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். வாயைத் திறந்தால் மலாய். இங்கே வந்து குடியேறிப் பல தலைமுறையானதால் அவர்கள் வீடுகளில் அப்படித்தான், தமிழ் பத்து இருபது வார்த்தைதான் மிச்சம். அதில் ஒன்று 'அக்கா'. அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை அக்கா என்பேன். யார் மூத்தவள் என்று கடைசிவரை தீரவில்லை. அவள் ஏற்கெனவே நகரக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தாள்.

குழுத் தலைவி மிஸ் லிம் கண்டிப்பானவர். "கீழேயிருந்து சர்வ் போடுகிறவர்கள் எனக்கு வேண்டாம். தெங்கேராக்காரர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிவிடுவார்கள்" என்று பாக்கியத்திடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரே ஓர் இடம்தான் காலி. மூன்று வாரத்தில் சோதனை. பத்துப் பந்தில் ஆறு பந்தாவது தலைக்கு மேலிருந்து அடித்து வலையைத் தாண்டவேண்டும்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் கோயிலுக்குப் பின்னால் இருந்த வெற்று இடத்தில் இரண்டு பேரும் நிற்போம். பந்து இப்போது இருப்பதுபோல வழுவழுப்பு இல்லை. தோல் பந்து, வாயில் நாடா போட்டுக் கட்டியிருக்கும், தோல் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். நாடா இருக்கும் பக்கம் உள்ளங்கையில் பட்டால் உயிர் போகும். முதல் இரண்டு நாள் பாக்கியம் என்னை அடிக்கவே விடவில்லை. இடது கையால் பந்தை மேலே போடு, அது இடது காலுக்கு முன்னால் ஒரே இடத்தில் விழ வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றாள். நான் போட்ட பந்து ஒருமுறை பக்கத்து வீட்டில் பாயில் காயவைத்திருந்த கெரோப்போக் வற்றல் மேல் விழுந்தது. அந்த வீட்டு அம்மாள் மலாயில் என்னைத் திட்டிய திட்டில் பாதிதான் எனக்குப் புரிந்தது என்பது என் அதிர்ஷ்டம்.

மூன்றாம் நாள் அடி என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தைப் போட்டு, கையை உயர்த்தினேன். சர்ரென்று ஒரு சத்தம். பந்து போகவில்லை, ரவிக்கை போய்விட்டது. கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

ஜாலான் பெண்டஹாராவில் எங்களுக்கு வழக்கமான தையல்காரர் இருந்தார். வயதானவர், அப்பாவுக்குப் பழக்கம். அவரிடம் போய் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். கிழியாத ஒரு ரவிக்கையை நீட்டி, "கொஞ்சம் டைட்டா இருக்குங்க" என்றேன். "எங்கேம்மா?" "இங்கதான்..." என்று தரையைப் பார்த்தேன். "இடுப்புலயா?" எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையை ஆட்டிவிட்டேன். இடுப்பைத் தாராளமாக விட்டுத் தைத்துக் கொடுத்தார். அக்குள் பழையபடியே சிக்கென்று இருந்தது. சோதனைக்கு அப்போது பத்து நாள்தான் பாக்கி.

விஷயத்தைக் கேட்டுப் பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வீட்டுக்குள்ளே போய்த் தன்னுடைய மலாய்ச் சட்டை, பாஜு குரோங் ஒன்றைக் கொண்டுவந்து உட்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். கைக்குக் கீழே, உடம்பும் கையும் சேருகிற இடத்தில், உள்ளங்கை அளவில் ஒரு சதுரத் துணி. "கெக்கெக்" என்றாள், அந்தத் துணியின் பெயர் அது. மலாய்க்காரப் பெண்கள் அந்த உடையைப் போட்டுக்கொண்டு தேங்காய் துருவுகிறார்கள், கொடியில் துணி காயப்போடுகிறார்கள், பந்தும் அடிக்கிறார்கள், ஒரு தையலும் பிரிவதில்லை. நான் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த உடை, அதன் அக்குளில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறேன். கெக்கெக்கைப் பார்த்து வெட்டி, அவள் வீட்டில் உட்கார்ந்து, கிழிந்த என் ரவிக்கையில் கையாலேயே தைத்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது.

துவைத்துக் கொடியில் போட்டபோது அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. "இது என்னடி, ரவிக்கைக்கு ரெக்க?" என்றாள். வாலிபாலுக்கு என்றேன். அம்மா அந்தத் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான், நாளையிலிருந்து வெளியே விடமாட்டாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அலமாரியைத் திறந்தால், மற்ற இரண்டு ரவிக்கைகளிலும் அந்தச் சதுரத் துணி இருந்தது. என்னுடையதைப்போல இல்லை, நேராக, பொடித் தையலில். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

கை விடுபட்ட பிறகு பந்து சொன்னபடி கேட்டது. எப்போதும் இல்லை, ஏதோ பாதிக்கு மேல். "ஜாங்கான் தாக்குட், அக்கா" என்று பாக்கியம் வலைக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவாள், பயப்படாதே என்று. சோதனையன்று ஏழு பந்து தாண்டியது. மிஸ் லிம் என் பெயரை எழுதிக்கொண்டார். தேநீர் மேசைக்கு வேறு ஆள் பார்க்கவேண்டியதாயிற்று என்று தலைமையாசிரியருக்கு வருத்தம்.

ஆட்டத்தன்று மைதானம் முழுக்கக் காகிதக் கொடிகள். எங்கள் பள்ளிப் பெண்பிள்ளைகள் கோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒரு பக்கம் ஆறு பேர் இல்லை, ஒன்பது பேர். சர்வ் எல்லோருக்கும் முறை வைத்து வரும். முதல் அடி தவறினால் இன்னொரு அடி உண்டு, அதுவும் தவறினால் எதிராளிக்குப் புள்ளி. மூன்றாவது சுற்று இழுபறியில் போனது. தெங்கேராவுக்கு ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி என்ற கட்டத்தில் சர்வ் யாருக்கு வந்தது என்று கேட்கிறீர்களா? எனக்குத்தான்.

முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவது பந்தைக் கையில் வாங்கும்போது மிஸ் லிம், "பாவா! பாவா!" என்று கத்தினார். கீழேயிருந்து போடு, தாண்டினால் போதும் என்று அர்த்தம். மேலேயிருந்து அடித்தால்தான் இடம் என்று சொன்ன அதே மிஸ் லிம். அவர் சொன்னதுதான் புத்திசாலித்தனம். பாக்கியமும் கண்ணால் அதையே சொன்னாள். நான் கோட்டோரத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்கள் எதிரில் மறுபடி கையைக் கீழே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் திமிரும் இருந்தது, மறைப்பானேன். பந்தை மேலே போட்டேன், கையை உயர்த்தினேன், அடித்தேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் அடித்ததில்லை. பந்து வலையைத் தாண்டியது, முன்வரிசையைத் தாண்டியது, பின்வரிசையைத் தாண்டியது, கோட்டையும் ஒரு சாண் தாண்டி விழுந்தது. தோற்றோம்.

மிஸ் லிம் அன்று என்னோடு பேசவில்லை, அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவும் இல்லை. மறுபடி தேநீர் மேசை. பாக்கியம் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை கூட வந்தாள். என்னால் எட்டுப் பேரின் உழைப்பு வீணானது என்ற குத்தல் வெகுநாள் இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவே கால் வரவில்லை. போனால், மணி அடிக்குமுன் முற்றத்தில் பெண்பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பந்து கிடையாது. இடது கையால் ஒன்றுமில்லாததை மேலே போட்டு, வலது கையை உயர்த்தி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். "கைய எறக்குங்க!" என்று தலைமையாசிரியர் மாடியிலிருந்து சத்தம் போட்டார். ஒருத்தியும் இறக்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால் இருந்த வெற்று இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. நாடா கட்டிய பந்தும், இரண்டாவது அடி உண்டு என்ற விதியும் போயே போய்விட்டன. பாக்கியம் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள், சில வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. மிஸ் லிம்மும் இல்லை, அம்மாவும் இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் புக்கிட் ரம்பாய் சந்தையில் நரைத்த தலையோடு ஒருத்தி ஓடிவந்து, "பசியாறியாச்சா டீச்சர்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த முற்றத்துப் பிள்ளைகளில் ஒருத்தி, சரசு. பக்கத்தில் நின்ற மகளிடம், "நான் சொல்வேனே, தெங்கேராவ ஜெயிச்ச டீச்சர், இவங்கதான்" என்றாள். "கடைசிப் பந்து, எல்லாரு தலைக்கும் மேல போச்சு பாரு, ஒருத்தராலயும் தொட முடியல." அந்த மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் தப்பைத் திருத்தித்தான் நான் சோறு தின்றேன். அன்றைக்குத் திருத்தவில்லை.